'பல் டாக்டர்னாலே பயம்' என்றால், எதற்குப் பயம்?

கடவாய்ப் பல்லில் சொத்தை. இரவெல்லாம் விண்விண்ணென்று தெறிக்கிறது. கிராம்பை நசுக்கி வைத்தாயிற்று, உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாயிற்று, மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போட்டாயிற்று. தெருமுனையிலேயே பல் கிளினிக் இருக்கிறது. ஆனால், அந்தப் பக்கம் போக மாட்டார். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்: "எனக்கு பல் டாக்டர்னாலே பயம்."

அநேகமாக எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒருவர் உண்டு. செல்போனில் தேடினால் அவருக்கு ஒரு சொல் கிடைக்கும்: டென்டோஃபோபியா. பார்த்ததும் ஒரு நிம்மதி வரும். 'இதுக்குன்னு ஒரு பேரே இருக்கே, அப்போ நான் மட்டும் இல்லை.' அந்த நிம்மதி நியாயமானதுதான். ஆனால், அந்தப் பெயரைக் கொண்டுபோய் டாக்டரிடம் சொன்னால் அவருக்கு உருப்படியாக ஒன்றும் தெரியாது. ஊசிக்குப் பயமா, டிரில் சத்தத்துக்கா? வாயில் தண்ணீர் தேங்கி மூச்சு முட்டுமோ என்ற கலக்கமா? 'இவ்வளவு நாள் பல்லை இப்படியா வெச்சிருந்தீங்க' என்று திட்டு விழுமோ என்ற கூச்சமா? இவை ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ஒன்றுக்கு உதவுகிற வழி இன்னொன்றுக்கு உதவாமல் போகலாம். ஒரு வகையில் ஆளை மயக்கம் போட்டு விழவும் வைக்கலாம்.

பல்லைக் கண்டு பயமா?

டென்டோஃபோபியா என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் வேடிக்கை புரியும். முன்பாதி லத்தீன், 'டென்ஸ்' என்றால் பல். பின்பாதி கிரேக்கம், 'ஃபோபோஸ்' என்றால் பயம். தலை ஒரு மொழி, வால் ஒரு மொழி. சுத்தம் பார்ப்பவர்கள் முழுக்க கிரேக்கத்திலேயே 'ஒடோன்டோஃபோபியா' என்பார்கள். இரண்டிலுமே இருப்பது பல் மட்டும்தான். டாக்டரும் இல்லை, அந்தச் சாய்வு நாற்காலியும் இல்லை, ஊசியும் இல்லை. பல்லைக் கண்டா மனிதர்கள் பயப்படுகிறார்கள்?

ஃபோபோஸ் என்பது கிரேக்கக் கதைகளில் ஒரு கடவுளின் பெயரும்கூட. போர்க் கடவுள் ஆரீஸின் மகன். போர்க்களத்தில் படைகளைப் புறமுதுகிட்டு ஓடவைப்பவன். 1877-ல் செவ்வாய்க் கிரகத்தைச் சுற்றும் இரண்டு நிலாக்களைக் கண்டுபிடித்தபோது, பெரியதற்கு அவன் பெயரையே வைத்தார்கள். 'விழுந்தடித்து ஓடுவது' என்ற பொருள் அந்தச் சொல்லின் அடியில் இருப்பது ஒருவகையில் பொருத்தம்தான். பல் டாக்டர் பயம் உள்ளவர் செய்வதும் அதைத்தானே!

மருத்துவத்தில் இந்தச் சொல் முதலில் ஒட்டிக்கொண்ட இடம் நாய்க்கடி நோய். ரேபிஸ் முற்றியவருக்குத் தண்ணீரை விழுங்கப் போனாலே தொண்டை இறுகித் துடிக்கும். அதனால் அந்த நோய்க்கே 'ஹைட்ரோஃபோபியா', அதாவது நீர்ப் பயம் என்று பெயர். இன்று குளத்தில் இறங்கப் பயப்படுகிற ஒருவரை அந்தப் பெயரால் அழைத்தால் கதையே மாறிவிடும். ஆகவே அவருக்கு 'அக்வாஃபோபியா' என்று வேறொரு கலப்புச் சொல்லைச் செய்ய வேண்டியதாயிற்று.

பயங்களைப் பட்டியல் போடுகிற பழக்கத்துக்கும் வயதாகிவிட்டது. ஃபிலடெல்ஃபியாவின் மருத்துவர் பெஞ்சமின் ரஷ், அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். 1786-ல் அவர் பாதி வேடிக்கையாக ஒரு கட்டுரை எழுதினார். எலி ஃபோபியா, பூனை ஃபோபியா, பேய் ஃபோபியா, டாக்டர் ஃபோபியா என்று வரிசையாகப் போகிறது அவர் பட்டியல். கவனித்தீர்களா? 'ஃபோபியா'வைத் தவிர மற்றதெல்லாம் வீட்டில் பேசுகிற சொற்கள். படிக்கிறவருக்கு அகராதி தேவைப்படவில்லை.

அதற்கு அடுத்த நூற்றாண்டில்தான் கிரேக்க மோகம் ஏறியது. 1871-ல் பெர்லின் மருத்துவர் கார்ல் வெஸ்ட்ஃபால், ஊரின் பெரிய சதுக்கங்களைத் தனியாகக் கடக்க முடியாமல் தவித்த ஆண்கள் சிலரைப் பற்றி எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'அகோராஃபோபியா'. அகோரா என்றால் கிரேக்க நகரத்தின் சந்தைத் திடல். பெயரை மட்டும் பார்த்தவர்கள் 'ஓ, திறந்த வெளிக்குப் பயம்' என்று முடிவு கட்டிவிட்டார்கள். உண்மையில் இதே கோளாறு உள்ளவருக்கு நெரிசலான பஸ்ஸிலும், தியேட்டரின் நடு வரிசையிலும், ரேஷன் கடை க்யூவிலும் அதே உதறல் வரலாம். 'திடீரென்று ஏதாவது ஆகிவிட்டால் இங்கிருந்து தப்ப முடியாதே, உதவிக்கு ஆள் கிடைக்காதே' என்பதுதான் அவருடைய பயம். வெட்டவெளி அதற்கு ஒரு இடம், அவ்வளவுதான். பெயர் நிலைத்துவிட்டது. அதைத் திரும்பத் திரும்ப விளக்குகிற வேலையும் கூடவே நிலைத்துவிட்டது.

பிறகு இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. கிரேக்க அகராதியை ஒரு கையிலும் 'ஃபோபியா'வை மறு கையிலும் வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் ஒரு நோயை உருவாக்கலாம். நீளமான சொற்களைக் கண்டு பயப்படுவதற்கு ஆங்கிலத்தில் 36 எழுத்துகளில் ஒரு பெயரைக் கட்டியிருக்கிறார்கள். நீர்யானையில் ஆரம்பித்து, நடுவில் அரக்கனையும் நுழைத்திருக்கிறார்கள். பயப்படுகிறவர் மேல் கொஞ்சமாவது இரக்கம் உள்ளவர் செய்கிற வேலையா இது?

சிரிப்பு போகட்டும், குழப்பமும் நடக்கிறது. ஊசிப் பயத்துக்கு 'டிரிபனோஃபோபியா' என்று பெயர். கொத்துக் கொத்தாக ஓட்டைகளைப் பார்த்தால் உடம்பு கூசுவதற்கு, 2005 வாக்கில் இணையத்தில் பிறந்த பெயர் 'டிரைபோஃபோபியா'. ஒன்று துளையிடும் கருவியிலிருந்து வந்தது, மற்றொன்று துளையிலிருந்து வந்தது. ஒரே ஒரு அசை வித்தியாசம். தடுப்பூசிக்குப் பயப்படுகிறவர் செல்போனில் ஒரு எழுத்தைத் தவறாகத் தட்டினால், தாமரைக் காய்ப் படத்துக்கும் தேன்கூட்டுப் படத்துக்கும் போய்ச் சேர்வார்.

டாக்டர்கள் சீட்டில் என்ன எழுதுகிறார்கள்?

இந்தப் பட்டியல்களைப் படித்துவிட்டு, மனநல மருத்துவர்கள் இப்படித்தான் கிரேக்கத்தில் எழுதுவார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம். என்ற கையேடு 1980-ல் இவற்றையெல்லாம் 'எளிய ஃபோபியா' என்ற ஒரே தலைப்பில் வைத்தது. 'எளிய' என்றால் லேசானது என்று அர்த்தமாகிவிடுகிறது. அவதிப்படுகிறவருக்கு அது எளிதாகவா இருக்கிறது? 1994-ல் வந்த நான்காம் பதிப்பில் அதை 'குறிப்பிட்ட ஃபோபியா' என்று மாற்றினார்கள். அதாவது, இன்னதென்று சுட்டிக்காட்டக்கூடிய ஒன்றின் மேல் உள்ள பயம். அதற்குள் விலங்குகள், உயரம்-இடி-தண்ணீர் போன்ற இயற்கைச் சூழல், ரத்தம்-ஊசி-காயம், விமானம்-லிஃப்ட் போன்ற சூழ்நிலைகள், மற்றவை என்று ஐந்து பிரிவுகள். இப்போது புழங்கும் ஐந்தாம் பதிப்பில் ரத்தம்-ஊசி பிரிவுக்குள்ளேயும் பிரித்து எழுதச் சொல்கிறார்கள்: ரத்தத்துக்குப் பயம், ஊசிக்குப் பயம், மற்ற மருத்துவச் சிகிச்சைக்குப் பயம், காயத்துக்குப் பயம். எல்லாமே சாதாரணச் சொற்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பும் உயரம், இருட்டு, இடி என்று சொல்லிக்கொண்டே வந்து, பல் மருத்துவத்தையும் அதே வரிசையில் வெறுமனே வைத்திருக்கிறது.

சாதாரண பயத்துக்கும் ஃபோபியாவுக்கும் உள்ள கோட்டையும் இங்கேயே சொல்லிவிடலாம். பல் பிடுங்கப் போகும்போது நெஞ்சு படபடப்பது யாருக்கும் உள்ளது. அந்தப் பயம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, ஆபத்தின் அளவுக்குப் பொருந்தாத உயரத்துக்குப் போய், போகவேண்டிய இடத்துக்குப் போகவிடாமல் வாழ்க்கையைக் கெடுக்கும்போதுதான் அதை ஃபோபியா என்கிறார்கள்.

பல் விஷயத்தில் அந்தக் கெடுதல் வட்டமாகச் சுற்றும். பயத்தால் போகாமல் இருக்கிறார். போகாததால் சின்னச் சொத்தை பெரிதாகிறது. நிரப்பிவிட்டால் முடிந்திருக்கும் பல்லுக்கு ரூட் கேனால் தேவைப்படுகிறது. அதற்குள் வாயைத் திறந்து காட்டவே வெட்கமாகிவிடுகிறது. வெட்கம் பயத்தோடு சேர்ந்துகொள்ள, இன்னும் ஒரு வருடம் தள்ளிப் போகிறது. கடைசியில் முகம் வீங்கி, வலி தாங்காமல் போகும்போது செய்யவேண்டியிருப்பது பெரிய சிகிச்சை. அவர் பயந்தபடியே அது நடந்து முடிகிறது!

ஒரு பயத்துக்குள் எத்தனை பயம்?

அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பல் பயத்துக்கென்றே ஒரு கிளினிக் நடத்திய பீட்டர் மில்குரோமும் அவர் குழுவினரும், வந்தவர்களை நான்கு வகையாகப் பிரித்தார்கள். ஊசி, டிரில், வாசனை என்று ஒரு குறிப்பிட்ட பொருளுக்குப் பயப்படுகிறவர்கள் ஒரு வகை. பல் டாக்டரையே நம்பாதவர்கள் இரண்டாவது வகை. இவர்கள் பெரும்பாலும் முன்பு எங்கோ மரியாதையில்லாமல் நடத்தப்பட்டவர்கள், அல்லது 'வலிக்குது' என்று சொன்னபோது யாரும் காது கொடுக்காதவர்கள். எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிற சுபாவத்தில் பல்லும் ஒன்றாகச் சேர்ந்தவர்கள் மூன்றாவது வகை. நாற்காலியில் இருக்கும்போதே மூச்சு நின்றுவிடும், மாரடைப்பு வந்துவிடும் என்று விபரீதத்தை எதிர்பார்ப்பவர்கள் நான்காவது வகை.

நான்கு பேரும் வீட்டில் சொல்வது 'பல் டாக்டர்னா பயம்' என்ற ஒரே வாக்கியம்தான். ஆனால், டாக்டரை நம்பாதவருக்கு 'கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடறேன்' என்ற ஒப்பந்தமும், அதைச் சொன்னபடி காப்பாற்றுகிற டாக்டரும் வேண்டும். டிரில் சத்தத்துக்குப் பயப்படுகிறவருக்கு அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். ஒரு நாள் சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போவது, ஒரு நாள் டிரில்லைக் கையில் வைத்துப் பார்ப்பது என்று படிப்படியாக. இந்தப் பழக்கும் முறைதான் எல்லாக் குறிப்பிட்ட ஃபோபியாக்களுக்கும் முதல் வைத்தியம். ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-கோரன் ஓஸ்ட் இதையே அதிகபட்சம் மூன்று மணி நேரம் நீளும் ஒரே அமர்வில் செய்து முடிக்கும் முறையை 1989-ல் வெளியிட்டார்.

அதே ஓஸ்ட்தான் பெயர் தெளிவாக இருக்கவேண்டியதற்கு மிகப் பெரிய காரணத்தையும் காட்டியவர். பாம்பைக் கண்டு பயப்படுகிறவருக்கும் உயரத்துக்குப் பயப்படுகிறவருக்கும் இதயத் துடிப்பு ஏறும், ரத்த அழுத்தம் ஏறும். ரத்தம், ஊசி பயத்தில் மட்டும் வேறு கதை. முதலில் கொஞ்சம் ஏறி, பிறகு சடாரென்று இரண்டும் இறங்குகின்றன. மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. கண் இருட்டுகிறது, ஆள் சாய்கிறார். இந்தப் பயம் உள்ளவர்களின் சொந்தத்தில் அப்பா, அத்தை, அண்ணன் என்று இன்னொருவருக்கும் இது இருப்பது சகஜம்.

மற்ற பயங்களுக்குச் சொல்வதுபோல இவரிடமும் 'உடம்பைத் தளர்த்தி விடுங்க, ரிலாக்ஸ்' என்றால் என்ன ஆகும்? ஏற்கெனவே இறங்குகிற அழுத்தம் இன்னும் இறங்கத்தான் வழி. ஆகவே ஓஸ்ட் நேர் எதிரான ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 விநாடி இறுக்கிப் பிடிக்க வேண்டும். முகத்தில் லேசாகச் சூடு ஏறுவது தெரியும். பிறகு விட்டுவிட்டு 20 முதல் 30 விநாடி இயல்பாக இருக்க வேண்டும். இப்படி ஐந்து தடவை. இது ரத்த அழுத்தத்தைக் கீழே விழாமல் தாங்கிப் பிடிக்கிறது. கையில் ஊசி போடுவதாக இருந்தால் அந்தக் கையை மட்டும் தளர்வாக வைத்துக்கொள்ள வேண்டும். பி.பி., இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

இப்போது பாருங்கள். ஊசி என்றால் மயங்கி விழுகிற ஒருவர், 'டென்டோஃபோபியா' என்று சீட்டெழுதிக்கொண்டு போய், நல்ல மனதோடு சொல்லப்பட்ட 'ரிலாக்ஸ்' அறிவுரையைக் கேட்டுவிட்டு, நாற்காலியிலேயே சாய்கிறார். அடுத்த தடவை அவரை யார் கூட்டிப் போக முடியும்?

எந்தக் கேள்வியில் வயிறு கலங்குகிறது?

பல் பயத்தை அளக்க நார்மன் கோரா என்ற அமெரிக்க உளவியலாளர் 1969-ல் நான்கு கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலைக் கொடுத்தார். பல ஆண்டுகள் அதுதான் புழக்கத்தில் இருந்தது. அதில் ஒரு குறை: ஊசியைப் பற்றிக் கேள்வியே இல்லை. 1995-ல் பிரிட்டனில் ஜெரி ஹம்ப்ரிஸும் அவர் குழுவினரும் அதைத் திருத்தி ஐந்தாவது கேள்வியாக ஊசியைச் சேர்த்தார்கள்.

நாளைக்குப் பல் டாக்டரிடம் போகவேண்டும் என்றால் எப்படி இருக்கும்? வெயிட்டிங் ரூமில் உட்கார்ந்திருக்கும்போது? பல்லை டிரில் செய்யப்போகும்போது? சுத்தம் செய்து பாலிஷ் போடப்போகும்போது? மேல் கடவாய்ப் பல்லுக்கு மேலே ஈறில் மரத்துப்போகும் ஊசி போடப்போகும்போது? ஒவ்வொன்றுக்கும் 'பயமே இல்லை' முதல் 'அளவுகடந்த பயம்' வரை 1 முதல் 5 மதிப்பெண். கூட்டினால் 5-க்கும் 25-க்கும் நடுவில் வரும். 19-ம் அதற்கு மேலும் என்றால் கடுமையான பயம்.

மொத்தத்தைவிட, எந்தக் கேள்வியில் மதிப்பெண் எகிறியது என்பதுதான் வீட்டில் நமக்குப் பயன்படும். முதல் கேள்வியிலேயே 5 போட்டவருடைய பயமும், நான்கு கேள்விக்கு 2 போட்டுவிட்டு கடைசிக்கு மட்டும் 5 போட்டவருடைய பயமும் ஒன்றல்ல. பின்னவருடையது ஊசிப் பயம். டாக்டர் மேல் அவருக்கு ஒரு கோபமும் இல்லை.

நம் சொற்களில் சொன்னால்

தமிழில் இதற்குச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. பயம், அச்சம், கிலி, பீதி, திகில், கலக்கம், மருட்சி என்று அளவுக்கும் தன்மைக்கும் தக்கபடி உண்டு. பயம் எங்கிருந்து பிறக்கிறது என்று பிரித்துப் பார்க்கிற புத்தி தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. மெய்ப்பாட்டியலில் அச்சத்துக்கு நான்கு ஊற்றுகளைச் சொல்லியிருக்கிறார்கள்: வருத்தும் தெய்வம், விலங்கு, திருடர், தனக்கு மேலே இருக்கும் தலைவன். நான்காவதைக் கவனியுங்கள். 'பல்லை ஒழுங்கா தேய்க்கிறதில்லையா?' என்று டாக்டர் அதட்டும்போது ஐம்பது வயதுக்காரர் பள்ளிக்கூடப் பையன்போலக் கூனிப்போகிறாரே, அது இந்த வகைதான்.

ஃபோபியாவுக்கு வெருளி, அச்சநோய் என்றெல்லாம் தமிழில் ஆக்கியிருக்கிறார்கள். ஆனால், முன்னால் வருகிற சொல் துல்லியமாக இல்லாவிட்டால் பின்னால் வருவது தமிழாக இருந்தும் பலனில்லை. 'பல் அச்சநோய்' என்றால் மறுபடியும் பல்லைக் கண்டு பயமா என்ற பழைய கேள்விதான் வரும். 'கூச்சம்' என்ற சொல் இன்னும் வம்பு. பல் டாக்டரிடம் 'கூச்சமா இருக்கு' என்றால், ஐஸ் தண்ணீர் பட்டால் பல் கூசுகிறது என்று அவர் எடுத்துக்கொள்வார். சொன்னவர் வாயைத் திறந்து காட்ட வெட்கப்படுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். கரப்பான்பூச்சியைக் கண்டு அலறுகிறவரிடம் விசாரித்தாலும் பல சமயம் அங்கே இருப்பது பயத்தைவிட அருவருப்பாக இருக்கும்.

இதற்கு ஒரு வழி, பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வாக்கியமாகவே சொல்வது. நம் பேச்சுத் தமிழ் இதற்குத் தோதாக இருக்கிறது. 'ஊசியைக் கண்டால் பயம்' என்பதில் எதைக் கண்டால் என்பது ஒளிந்துகொள்ள முடியாது. 'ஊசி குத்தினால் வலிக்குமென்று பயம்', 'ஊசியைப் பார்த்தால் கண் இருட்டுகிறது' என்று இன்னும் பிரித்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது.

குழந்தைகளிடம் இது எளிதாக நடக்கும், நாம் குறுக்கே நிற்காவிட்டால். 'சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்' என்று மிரட்டி வளர்த்துவிட்டு, அதே டாக்டரிடம் கொண்டுபோய் 'வாயைத் திற கண்ணு' என்றால் எப்படித் திறக்கும்? போதாக்குறைக்கு 'பயந்தாங்கொள்ளி' என்று ஒரு பட்டம். அது பயத்துக்கு வைத்த பெயரில்லை, பிள்ளைக்கு வைத்த பெயர்; ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பதில் 'எது பிடிக்கலை? சத்தமா, அந்த லைட்டா, படுக்கவைக்கிறதா?' என்று கேட்டால் ஐந்து வயதுக் குழந்தைகூடக் கையைக் காட்டிச் சொல்லிவிடும். குழந்தைகள் பல் மருத்துவத்தில் 1959 முதல் அடெல்ஸ்டன் என்பவர் பெயரால் வழங்கும் ஒரு முறை உண்டு: சொல், காட்டு, செய். என்ன செய்யப்போகிறோம் என்று சொல்வது, கருவியைக் காட்டி விரல் நகத்தில் வைத்துப் பார்க்கவிடுவது, அதற்குப் பிறகே வாயில் வைப்பது. எதற்குப் பயம் என்று தெரிந்தால்தான் எதை முதலில் காட்டுவது என்று தெரியும்.

பெரியவர்களுக்கும் அதேதான். அப்பாயின்ட்மென்ட் வாங்கும் போனிலேயே சொல்லிவிடலாம். "ஊசி போட்டா எனக்கு மயக்கம் வரும், ஒரு தடவை விழுந்திருக்கேன், படுக்கவெச்சுப் போடுங்க." "வாயில தண்ணி தேங்கினா மூச்சு முட்டுற மாதிரி ஆகும், அடிக்கடி உறிஞ்சி எடுத்துடுங்க." "முன்னாடி ஒரு இடத்துல சரியா மரத்துப்போகாமலேயே பிடுங்கிட்டாங்க, அதனால மரத்துப்போச்சான்னு கேட்டுட்டு ஆரம்பிங்க." "பத்து வருஷமா வரலை, பல்லு மோசமா இருக்கும், திட்டாதீங்க." இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லத்தான் பலருக்கு நாக்கு எழாது. வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போனாலும் சரிதான்.